கறுப்புக் கோடு

அவரிடம் யாரும் "சரியாயிடும்" என்று சொல்லிவிட்டுத் தப்ப முடியாது. "எதை வச்சு சொல்றீங்க?" என்று கேட்பார். அதில் கோபம் இருக்காது. கடைக்காரரிடம் வெண்டைக்காய் பிஞ்சா முற்றலா என்று கேட்பதுபோல, பதில் வேண்டும் என்றுதான் கேட்பார். சொன்னவர்தான் விழித்துக்கொண்டு நிற்பார்.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். மேடவாக்கம் தாண்டி ஒரு தனியார் கல்லூரியின் உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நாங்கள் இருவரும் ஆராய்ச்சி மாணவிகள். அவர் எனக்கு மூன்று வருடம் சீனியர். மூன்றாவது மாடி. ஜன்னலைத் திறந்தால் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் தெரியும். காற்று திரும்பினால் குப்பை எரிகிற நாற்றமும் வரும். அதனால் ஜன்னலைத் திறக்க மாட்டோம்.

நான் கூடுவாஞ்சேரியிலிருந்து மின்ரயிலில் தாம்பரம் வந்து, கிழக்குப் பக்கம் இறங்கி ஷேர் ஆட்டோ பிடிப்பேன். அக்கா சேலையூரில் ஏறுவார். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் உயரம்தான் இருப்பார். அவருடைய அம்மா ரோட்டோரம் வரை கூட வந்து, கையைப் பிடித்து ஏற்றிவிட்டு, ஆட்டோ கிளம்பிய பிறகும் அங்கேயே நிற்பார். நான் சேர்ந்த முதல் வாரத்தில் ஒருநாள் ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து என்னிடம் சொன்னார்:

"யம்மா, கொயந்தைய மடியில வச்சுக்கோ. இன்னொருத்தர் குந்தணும்."

எனக்கு முகம் சிவந்துவிட்டது. அக்கா குனிந்து முன்பக்கம் பார்த்து, "கொயந்தை இல்லண்ணா. முப்பது வயசு. முழு சீட்டு" என்றார்.

ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "மன்ச்சுக்கோ மா. கவனிக்கல."

"பரவாயில்ல. தினம் இந்த நேரத்துக்குத்தான் வருவேன். முகத்த ஞாபகம் வச்சுக்கங்க."

சாலையில் பள்ளம் வரும்போதெல்லாம் அக்கா இரண்டு கைகளையும் சீட்டில் ஊன்றி உடம்பைக் கொஞ்சம் தூக்கிக்கொள்வார். விரல்கள் குட்டையாக, நுனியில் அகன்று இருக்கும். ஏன் அப்படிச் செய்கிறார் என்று நான் கேட்பதற்கு முன்னால் அவரே சொல்லிவிட்டார்.

நம் எலும்பு உடம்புக்குள் சும்மா கிடப்பதில்லை. பழையதைக் கரைத்து எடுப்பதும், அந்த இடத்தில் புதியதைக் கட்டுவதும் ஓயாமல் நடக்கும். கரைக்கிற வேலையைச் செய்யும் நொதிகளில் முக்கியமான ஒன்றின் பெயர் கெதெப்சின் கே. அது அளவுக்கு மீறி வேலை செய்தால் வயதானவர்களுக்கு வருவதுபோல எலும்பு மெலியும். அக்காவுக்கு அந்த நொதி இல்லை. பழையது போகாமல் தங்கித் தங்கி அவருடைய எலும்பு கல்போல அடர்ந்திருந்தது. எக்ஸ்ரேயில் சுண்ணாம்பு பூசியதுபோல வெள்ளையாகத் தெரியும். ஆனால் முறிவது சாக்பீஸ் முறிவதுபோலத்தான். சின்ன வயதில் இரண்டு கால்களும் மாறி மாறி முறிந்திருக்கின்றன. கால்சியம் பற்றாக்குறை என்றார்கள், ராகு தோஷம் என்றார்கள், வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள். பத்தாவது படிக்கும்போதுதான் ஒரு டாக்டர் எக்ஸ்ரேயை நீண்ட நேரம் பார்த்துவிட்டு அம்மாவிடம், "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டாராம்.

அம்மா கட்டிக்கொண்டது தன் தாய்மாமனை. அப்பா அம்மா இருவரிடமிருந்தும் பழுதான மரபணுவின் பிரதி வந்து சேர்ந்தால்தான் இந்த நோய் வரும் என்று டாக்டர் படம் போட்டு விளக்கினாராம். "எங்கம்மா அந்தப் படத்தையே பார்த்துட்டு இருந்தாங்க. அதுக்கப்புறம் எங்கப்பா இருக்கற வரைக்கும் அவர்கூட ஒரே கட்டில்ல உட்கார்ந்து நான் பார்த்ததில்ல" என்று அக்கா சொன்னார். பிறகு மரபணுச் சோதனையும் செய்தார்கள். டாக்டர் சொன்னது அப்படியே உறுதியாயிற்று.

"அப்புறம் ஏன்க்கா இந்த லேப்புக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். எங்கள் பேராசிரியர் ஆராய்ச்சி செய்தது இதே நொதியைத்தான்.

"எங்கிட்ட இல்லாதது எப்படி இருக்கும்னு பார்க்கணும்னு தோணுச்சு" என்றார்.

அவருடைய குணம் எல்லோருக்கும் பிடித்தது என்று சொல்ல மாட்டேன். புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்து "நல்லா இருக்காக்கா?" என்று கேட்டால், இல்லையென்றால் இல்லை என்பார். அது போகட்டும். எங்களோடு ஓர் ஆராய்ச்சி மாணவர் இருந்தார். அவருடைய அப்பாவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த அன்று எல்லோரும் அவரைச் சுற்றி நின்று, இப்போதெல்லாம் நல்ல மருந்து வந்துவிட்டது, தைரியமாக இரு என்று சொன்னோம். அக்கா மட்டும், "எந்த ஸ்டேஜ்னு டாக்டர் சொன்னாரா?" என்று கேட்டார்.

"கடைசி ஸ்டேஜ்."

"அப்போ லீவ் போட்டுட்டு அப்பாகூட இரு. இங்க என்ன செஞ்சுக்கிட்டு இருக்க?"

மாணவர் வெளியே போய்விட்டார். அக்கா சொன்னது சரிதான். அடுத்த மாதமே அப்பா போய்விட்டார். ஆனால் அந்த மாணவர் அக்காவிடம் அதன் பிறகு பேசவே இல்லை. காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு ஆய்வகத்துக்கு வந்தபோது அக்கா எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்றார். அவர் மைக்ரோஸ்கோப்பை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அக்காவை எங்கள் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அவருக்குத் தாடை சிறியது, பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும். முறுக்கைப் பொடித்துப் பொடித்துச் சாப்பிட்டார். கிளம்பும்போது என் அம்மா ஜெபம் பண்ணுகிறேன் என்று அவர் தலையில் கை வைத்தார். வைத்ததும் கை துள்ளி விலகியது. உச்சியில் எலும்பு இல்லாமல் மெத்தென்று இருந்திருக்கிறது, பிறந்த குழந்தைக்கு இருப்பதுபோல.

"பயப்படாதீங்கம்மா. அது மூடவே இல்ல. பொறந்ததுலேர்ந்து அப்படியேதான் இருக்கு."

அம்மா சமாளித்துக்கொண்டு, "கர்த்தர் நினைச்சா எல்லாம் மாறும்மா" என்றார்.

"நினைச்சார்னா எனக்கும் சொல்லச் சொல்லுங்கம்மா" என்றார் அக்கா. கிண்டலாகச் சொல்லவில்லை. அம்மாவுக்கு அது புரிந்தது. மறுபடி கையை எடுத்து, இந்தமுறை தோளில் வைத்து ஜெபம் பண்ணினார்.

இப்போது ஒரு ஆன்டிபாடியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பேராசிரியரின் ஆராய்ச்சி பிரண்டை. பிரண்டைச் சாறு கெதெப்சின் கே நொதியைக் குறைக்கிறது, அதனால் எலும்பு மெலிவுக்கு மருந்தாகும் என்பது அவர் கண்டது. நல்ல மனிதர், அதிர்ந்து பேசத் தெரியாதவர். அக்காவுக்காகத் தச்சரைக் கூப்பிட்டுப் படி வைத்த ஸ்டூல் ஒன்று செய்து போட்டவர். தன் வீட்டு மாடியில் தொட்டி தொட்டியாகப் பிரண்டை வளர்த்தார். ஒருமுறை அக்காவுக்கும் பிரண்டைப் பொடி கொண்டுவந்து கொடுத்தார். "எனக்கு எலும்பு கரையவே மாட்டேங்குது சார், நீங்க கரையறதக் குறைக்கற மருந்து குடுக்கறீங்களே" என்று அக்கா சொன்னதும் அவரே சிரித்துவிட்டார்.

நொதி குறைகிறதா என்று பார்ப்பதற்கு ஒரு ஆன்டிபாடி வாங்குவோம். வெளிநாட்டிலிருந்து ஐஸ் பெட்டியில் வரும். சுண்டுவிரல் நுனி அளவு குப்பி, அடியில் ஒரு சொட்டு. 'ஆராய்ச்சிக்கு மட்டும். நோயறிதலுக்கு அல்ல' என்று ஒட்டியிருக்கும். நொதியும் ஒரு புரதம்தான். மாதிரியில் உள்ள புரதங்களை எடைவாரியாகப் பிரித்து ஒரு வெள்ளைச் சவ்வின் மேல் பதிய வைப்போம். ஆன்டிபாடியை அதன்மேல் ஊற்றினால், தான் தேடும் புரதம் இருக்கும் இடத்தில் மட்டும் போய் ஒட்டும். ஒட்டிய இடம் கடைசியில் கறுப்புக் கோடாகத் தெரியும். கோடு இருந்தால் நொதி இருக்கிறது. பிரண்டைச் சாறு கூடக் கூடக் கோடு வெளிறிக்கொண்டே போகும். இதை வைத்து இரண்டு கட்டுரைகள் வெளிவந்துவிட்டன. மூன்றாவது கட்டுரையை அனுப்பியபோது அதைப் பரிசீலித்தவர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள்: அந்த நொதியே இல்லாத ஒரு மாதிரியில் கோடு வராமல் இருக்கிறதா என்று பார்த்தீர்களா?

அந்தக் கேள்வி வந்த சமயம் அக்கா வாக்கரில் நடந்துகொண்டிருந்தார். சில மாதங்களுக்கு முன்னால் ஆட்டோவிலிருந்து இறங்கும்போது தொடை எலும்பு முறிந்திருந்தது. விழக்கூட இல்லை, காலை ஊன்றினார், முறிந்துவிட்டது. முறிந்த இடம் ஒட்டாததால் இரண்டாவது அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள்.

"நொதி இல்லாத எலும்புதானே சார் வேணும்? ஆபரேஷன்ல என்னோடத எடுக்கப்போறாங்க. ஒரு துண்டு வாங்கிக்கலாம்" என்றார்.

பேராசிரியர் தயங்கினார். அக்கா விடவில்லை. கல்லூரிக் குழுவின் அனுமதி, ஆஸ்பத்திரியின் அனுமதி எல்லாவற்றையும் அவரே கேட்டு வாங்கினார். அறுவை சிகிச்சை நாளில் ஐஸ் பெட்டியோடு வாசலில் நின்றவள் நான். நர்ஸ் கொண்டுவந்து கொடுத்த குப்பிக்குள் புளியங்கொட்டை அளவில் சில துண்டுகள் இருந்தன. மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் வந்தேன். பள்ளம் வந்தபோது என்னை அறியாமல் பெட்டியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அக்கா எழுந்து நடமாடும் வரை காத்திருந்து சோதனையைச் செய்தோம். இடுப்பு மூட்டு மாற்றிய ஒருவரின் எலும்பு ஒரு கட்டத்தில், அக்காவின் எலும்பு பக்கத்துக் கட்டத்தில். முதலாவதில் கோடு வர வேண்டும், இரண்டாவதில் வரக்கூடாது.

இரண்டிலும் வந்தது. ஒரே இடத்தில், ஒரே கறுப்பில்.

எனக்கு முதலில் தோன்றியதை அப்படியே சொல்லிவிட்டேன். "அக்கா, உங்களுக்கு இருக்கு."

பேராசிரியர் ஓடி வந்தார். சவ்வை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "முழுசா இல்லாம போகலியேம்மா. கொஞ்சமாவது உண்டாகுது. அப்படின்னா ஏதாவது வழி இருக்கும்" என்றார். கண் கலங்கியிருந்தது. அப்பாவை இழந்த அந்த மாணவர்கூடத் தூரத்திலிருந்து எட்டிப் பார்த்தார். அக்கா யாரையும் எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை படியிறங்கும்போது வாக்கரை என்னிடம் கொடுத்துவிட்டு, கைப்பிடிச் சுவரை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினார். நான் பக்கத்திலேயே வந்தேன். அவர் முகத்தில் அப்படி ஒரு களையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

இரண்டு நாள் அப்படி இருந்தார். மூன்றாம் நாள் ஸ்டூலில் ஏறி உட்கார்ந்து, "இன்னொரு விதமாப் பார்த்துடலாம்" என்றார்.

அந்த நொதி வெட்டினால் ஒளிவிடும் ஒரு பொருள் உண்டு. இரண்டு எலும்புச் சாற்றிலும் அதைச் சேர்த்துக் கருவியில் வைத்தார். மற்றவர் எலும்பில் ஒளி ஏறிக்கொண்டே போனது. அக்காவின் எலும்பில் வரைகோடு திரையின் அடியோரமாகத் தட்டையாகவே போயிற்று. அவர் அதை முடியும்வரை பார்த்தார். பிறகு நகரத்தில் வேறொரு ஆய்வகத்தில், வேறு கம்பெனியின் ஆன்டிபாடியைக் கொஞ்சம் கேட்டு வாங்கினோம். அதில் அவருடைய கட்டம் வெள்ளையாக இருந்தது.

எங்கள் ஆன்டிபாடி இத்தனை நாளும் வேறு ஏதோ புரதத்தைப் பிடித்துக் காட்டியிருக்கிறது. கிட்டத்தட்ட அதே எடையுள்ள ஏதோ ஒன்று. பழைய பிரண்டை மாதிரிகளைப் புது ஆன்டிபாடியில் ஓட்டிப் பார்த்தோம். சாறு கூடினாலும் குறைந்தாலும் எல்லாக் கோடும் ஒன்றுபோலவே இருந்தது. பிரண்டை அந்த நொதியை ஒன்றும் செய்யவில்லை.

பேராசிரியர் அறைக்கு அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு போனார். பேராசிரியர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"இந்தக் குப்பி மட்டும் கெட்டுப்போயிருக்கலாம்மா."

"எதை வச்சு சார் சொல்றீங்க? மூணு குப்பி பார்த்துட்டோம்."

"ரெண்டு பேப்பர் வந்தாச்சு. மூணு பேரோட தீசிஸ் இதுல இருக்கு. உன்னோடதும்தான்."

"தெரியும் சார்."

"உன் சாம்பிளை மட்டும் எடுத்துடலாம். மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

"என் சாம்பிள்ல தப்பு ஒண்ணுமில்லையே சார்."

"தப்புன்னு நான் சொல்லலம்மா" என்றார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு, "எனக்கு அடுத்த வருஷம் ரிட்டயர்மென்ட்" என்றார்.

கம்பெனிக்கு அக்கா எழுதினார். வருந்துகிறோம் என்று பதில் போட்டு, அதே ஆன்டிபாடியில் இன்னொரு குப்பியை இலவசமாக அனுப்பிவைத்தார்கள். கட்டுரைகளை வெளியிட்ட பத்திரிகைக்கும் எழுதினார். கட்டுரையாளரைத் தொடர்புகொள்ளுங்கள் என்றார்கள். கட்டுரையாளர் பேராசிரியர்தான். அந்த இரண்டு கட்டுரைகளும் இன்றும் அப்படியே இருக்கின்றன. யார் யாரோ மேற்கோள் காட்டுகிறார்கள். மற்ற மாணவர்கள் தீசிஸ் கொடுத்துப் பட்டம் வாங்கினார்கள். அக்கா தன்னுடையதைக் கொடுக்காமல் கல்லூரியை விட்டார். கொஞ்ச நாளில் நானும் விட்டேன். தாம்பரத்தில் ஒரு மெடிக்கல் கோடிங் கம்பெனியில் சேர்ந்தேன். கல்யாணமாயிற்று. அக்காவோடு போனில் பேசுவது குறைந்து, பண்டிகைக்கு ஒருமுறை என்றாகி, அதுவும் நின்றது.

ஒருநாள் அவர் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவருடைய அம்மா. கடைவாய்ப் பல் வலி தாங்க முடியாமல் பிடுங்கியிருக்கிறார்கள். இந்த நோய் உள்ளவர்களுக்குப் பல் பிடுங்கிய இடம் ஆறுவது கடினம். அக்காவுக்கு அது தெரியும். தெரிந்துதான் ஒரு வருடம் வலியைப் பொறுத்திருக்கிறார். புண் ஆறாமல் தாடை எலும்பு அழுகி, ஒரு பக்கத்தையே எடுத்துவிட்டார்கள்.

சேலையூர் வீட்டுக்குப் போனேன். நான் அவரைப் பார்த்தது அதுவே கடைசி; மறு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டார். முன்னறையில் கட்டில் போட்டிருந்தது. தலையணைகளில் சாய்ந்திருந்தார். முகத்தின் கீழ்ப்பாதி கட்டுக்குள் இருந்தது. பேச முடியாது. என்னைக் கண்டதும் கையைத் தூக்கி, உட்கார் என்று காட்டினார். குட்டை விரல்கள் என் கையைப் பிடித்துக்கொண்டன. எதை வைத்து என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் சும்மா இருந்தேன். அது அவருக்குப் போதுமாக இருந்தது என்று நினைக்கிறேன்.

அம்மா இட்லியைப் பாலில் போட்டு மிக்ஸியில் அடித்துக்கொண்டு வந்தார். கட்டிலோரம் உட்கார்ந்து, மகளின் கழுத்தடியில் துண்டை விரித்தார்.

"எல்லாம் போச்சும்மா. இனிமே என்ன இருக்கு. ஆனா ஒரே ஒரு நிம்மதி எனக்கு" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். "சொந்தத்துல கட்டினதால வந்த வினைன்னு ஊரே சொல்லுச்சு. டாக்டரும் அதேதான் சொன்னார். எத்தனை வருஷம் இவ மூஞ்சிய நேராப் பார்க்காம இருந்தேன் தெரியுமா? காலேஜ விட்டு வந்த அன்னிக்கு இவதான் பக்கத்துல உட்கார வச்சு சொன்னா. 'அம்மா, என் எலும்பையே எடுத்து டெஸ்ட் பண்ணிப் பார்த்துட்டோம். இல்லைன்னு சொன்னாங்களே, அது எனக்கு இருக்கு. இது உன்னாலயும் வரல, அப்பாவாலயும் வரல'ன்னா."

காலேஜை விட்டு வந்த அன்று. உண்மை தெரிந்து வெகுநாள் ஆன பிறகு.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின. யாரிடமும் எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டவர் இல்லை அவர்.

"நீதானேம்மா அந்த டெஸ்ட்டப் பண்ணுனே?" என்றார் அம்மா.

"ஆமாம்மா. நான்தான்."

"நல்லாத் தெரிஞ்சுதா?"

"நல்லாத் தெரிஞ்சுதும்மா," என்றேன். "கறுப்பா, பட்டையா."

அம்மா தலையை ஆட்டிக்கொண்டார். கிண்ணத்தில் ஸ்பூனை வைத்துக் கலக்கி, ஒரு வாய் எடுத்து, ஊதி ஆற்றினார். அக்கா கட்டுக்குள்ளேயே முடிந்த அளவு வாயைத் திறந்தார். பாதி உள்ளே போயிற்று. பாதி வழிந்தது. அம்மா துண்டால் துடைத்துவிட்டு அடுத்த வாயை எடுத்தார்.